டெலீட் ஆயிடுச்சா தம்பி?

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்கும் காந்தி ரோட்டில், ஒரு லாட்ஜின் தரைத்தளத்தில் எட்டு கம்ப்யூட்டர் போட்ட பிரௌசிங் சென்டர் இருந்தது. 2001லிருந்து 2004 வரை நான் அங்கே வேலை பார்த்தேன். மணிக்கு 30 ரூபாய். வருகிறவர்களில் பாதிக்கு மேல் மேற்கு வங்கத்துக்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள். அந்தத் தெருவில் காய்கறி விற்கிற அம்மாகூட ‘தோஷ் டாக்கா’ என்று வங்காளியில்தான் விலை சொல்லும்.

முக்கால்வாசிப் பேருக்கு டைப் அடிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல, வங்காளியை இங்கிலீஷ் எழுத்தில் நான் அடிப்பேன். ‘பாபா பாலோ ஆச்சேன்.’ அப்பா நன்றாக இருக்கிறார். மூன்று வருஷத்தில் அந்த வரியை எத்தனை தடவை அடித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சில நாள் அது உண்மையாக இருக்காது. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடித்து, அனுப்பு பட்டனை அழுத்திவிட்டு, ‘அடுத்து?’ என்பேன்.

அங்கேதான் அந்த மனிதர் வந்தார். பர்த்வான் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை என்று சொன்னார். இரண்டு மாதமாக இதே தெருவில் தங்கியிருந்ததால் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து மச்சானுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும் என்றார். இரண்டு பக்கம்தான். ஸ்கேன் ஆகி, போன் லைனில் ஓடும் டயல்-அப் இன்டர்நெட்டில் மேலே ஏறி முடிக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். குனிந்து உள்ளே வந்தார்.

“அந்த ரிப்போர்ட், டெலீட் ஆயிடுச்சா தம்பி?”

ஆகவில்லை. ஸ்கேன் செய்தது எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே ஒரு போல்டரில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதுவரை எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. அவர் எதிரிலேயே அழித்தேன். குப்பைக்கூடைப் படத்தைக் காட்டினார். “இதுல இருக்குமே?” அதையும் காலி செய்தேன். “போயிடுச்சு தாதா” என்றேன். வங்காளியில் தாதா என்றால் அண்ணன். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து காரணம் சொன்னார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்த வியாதி என்று மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் தெரியாது. எப்போது, எப்படிச் சொல்வது என்று வீட்டில் முடிவு செய்ய நாலு நாள் வேண்டும். அவர் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது இதே தெருவில் தங்கியிருந்தார்கள். அதே ஸ்கேனருக்குத்தான் அவர்களும் வருவார்கள்.

தனியுரிமை என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாலு நாள் அவருக்குச் சொந்தமானது, அதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நன்றாகப் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு இன்ஜினியரிங் மாணவன் அழாத குறையாக வந்தான். புராஜெக்ட் பைலை அழித்துவிட்டான். எங்கள் கடைக்கு மெஷின் சர்வீஸ் செய்ய வருகிற அண்ணன் ஒருவர் ஃப்ளாப்பியில் ஒரு அண்டிலீட் புரோகிராம் வைத்திருந்தார். போட்டு ஓட்டினார். அழிந்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொரு பெயரிலும் முதல் எழுத்து மட்டும் இல்லை. “முதல் எழுத்து இன்னான்னு நீ சொல்லிட்டா போதும், மீதி அதுங்கிட்டயே கீது” என்றார் அண்ணன்.

அவர் விளக்கியது இதுதான். விண்டோஸ் 98 காலத்து டிஸ்க்கில் ஒரு பைலை அழித்தால், பைல் அழிவதில்லை. பெயர்ப்பட்டியலில் அதன் முதல் எழுத்தை எடுத்துவிட்டு ஒரு குறி போடும். இந்த இடம் காலி, வேறு யாராவது வரலாம் என்பதற்கான குறி அது. வேறு பைல் வந்து அதே இடத்தில் உட்காரும்வரை பழையது அப்படியே இருக்கும். வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, உள்ளே சாமானெல்லாம் வைத்தது வைத்தபடி.

மாணவன் சந்தோஷமாகப் போனான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடை சாத்தினதும் அதே ஃப்ளாப்பியை ஸ்கேனர் மெஷினில் போட்டேன். ரீசைக்கிள் பின்னுக்குள் போகிறபோதே விண்டோஸ் பைலுக்கு வேறு பெயர் வைத்துவிடும் என்பதால் பெயரை வைத்துத் தேட முடியவில்லை. ஒவ்வொன்றாக மீட்டுத் திறந்தேன். பாஸ்போர்ட்டுகள், எக்ஸ்ரே சீட்டுகள், யாரோ ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை. பதினேழாவதாகவோ பதினெட்டாவதாகவோ அந்த ரிப்போர்ட் வந்தது. அவர் மனைவியின் பெயர், வயது, மருத்துவமனை எண், கீழே அந்த ஒரு வார்த்தை. எல்லாம் தெளிவாக இருந்தது.

அவருக்கு நான் சொன்னது பொய்யாகிவிட்டது. தெரிந்து சொல்லவில்லை என்றாலும் பொய்தான். அவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அந்த ராத்திரியிலிருந்து எனக்கு சாப்ட்வேர் என்றால் ஒரே கேள்வி: எதை மறக்கும், எப்போது மறக்கும்? இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஹிஸ்டரியை அழிக்கிற இடம், தற்காலிகப் பைல்களை அழிக்கிற இடம், கட்டங்களில் தானாக வந்து நிற்கும் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் அழிக்கிற இடம், எல்லாம் தனித்தனியாக இருந்தன. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எழுந்தவுடன் நான் போய் எல்லாவற்றையும் அழுத்துவேன். யாகூவில் லாக்-அவுட் செய்துவிட்டுப் போனாலும் பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் சில சமயம் கடைசியாகப் படித்த மெயில் அப்படியே வந்து நிற்கும். இதெல்லாம் செய்தும் இண்டெக்ஸ் டாட் டேட் என்றொரு பைல் போகாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது விண்டோஸின் பிடியிலேயே இருக்கும். போன தளங்களின் முகவரிகள் அதில் சேர்ந்துகொண்டே வரும். விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால், டாஸ் நிலையிலேயே அதைப் பிடிக்க வேண்டும். மெஷின் ஆன் ஆகும்போது தானாக ஓடுகிற ஆட்டோஎக்ஸெக் பைலில், போல்டரோடு அழிக்கிற டெல்ட்ரீ கட்டளையை ஒரு வரி எழுதிவைத்தேன். காலையில் மெஷினை ஆன் செய்தால் முதல் வேலையாக நேற்றையதைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் காலி இடம் முழுக்க ஒரு சினிமாப் பாட்டு பைலை நகலெடுத்து நகலெடுத்து நிரப்பி, பிறகு எல்லாவற்றையும் அழிப்பேன். பழைய சாமான் மேல் புதுச் சாமான் விழுந்துவிடும். நான் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம் அந்த ஒரு வரிதான். இன்றுவரை அதற்கு மேல் உபயோகமான ஒன்றை எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என் கைக்கு வந்தது கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில். பிறகு ஒரு இரண்டாவது சனிக்கிழமை, காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, ஐஐடி மெட்ராஸில் நடந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்குப் போனேன். யாரையும் தெரியாது. நான் பிரௌசிங் சென்டர் பையன், அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனாலும் அழிக்கிற விஷயத்தைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் நோட்டை எடுத்துப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். லினக்ஸோடு வருகிற குனு கருவிகளில் ஷ்ரெட் என்று ஒரு கட்டளை இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் பாட்டு பைலை வைத்துச் செய்ததை அது ஒழுங்காகச் செய்யும்: அழிக்கிற பைலின் மேலேயே வேறு எதையாவது எழுதி எழுதி மூடிவிட்டுத்தான் அழிக்கும். அமெரிக்காவில் பில் ஸிம்மர்மேன் 1991-ல் மெயிலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுகிற பிஜிபி என்ற என்கிரிப்ஷன் சாப்ட்வேரை இலவசமாகக் கொடுத்ததையும், ஆயுதம் கடத்துவதைப் போல அதைக் கருதி அரசாங்கம் அவரை மூன்று வருஷம் விசாரித்ததையும், அந்த நிரலை அப்படியே புத்தகமாக அச்சடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள் என்பதையும் அங்கேதான் கேட்டேன். ஒரு சாதாரண ஆளின் கடிதத்தை மூடி வைக்க ஒருவர் அவ்வளவு தூரம் போவாரா என்று ரயிலில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் எல்லாருக்கும் ஒரு புனைபெயர் இருந்தது. ஐஆர்சி என்ற அரட்டை அறைகளில் என்னை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. புதிதாக வருகிறவன்தான் வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்பான். பழைய ஆட்கள் உன் கேள்வி என்ன என்று மட்டும் கேட்பார்கள். பிறகு சொந்தப் பெயர், சொந்தப் போட்டோ, படித்த பள்ளி என்று கேட்கிற தளங்கள் வந்தன, நாமும் கொடுத்தோம். 2004-ல் ஆர்குட் வந்தபோது நானும் சேர்ந்தேன், பழைய நண்பர்கள் கிடைத்தார்கள், அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாமல் பேசுகிறவன் ஏதோ தப்புச் செய்கிறான் என்ற எண்ணம் அதோடு கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. அது எனக்கு இன்னும் வருத்தம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் முகவரியை மறைப்பது கௌரவமான விஷயம். என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. கணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்பாவுக்கு அம்மா இன்லேண்ட் லெட்டர் எழுதுவாள். மேலே அப்பாவின் எண், பதவி, பெயர், யூனிட். அதற்குக் கீழே ‘மேற்பார்வை 56 ஏபிஓ’. அவ்வளவுதான் விலாசம். ஊர் கிடையாது, மாநிலம் கிடையாது. கடிதம் ராணுவத் தபாலுக்குப் போய், அங்கிருந்து யூனிட் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். அப்பா காஷ்மீரில் இருக்கிறாரா, பஞ்சாபில் இருக்கிறாரா என்று தபால்காரருக்குத் தெரியாது, பல சமயம் அம்மாவுக்கே தெரியாது. “எங்க கீறாருன்னு தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன், கடுதாசி போய்ச் சேர்ந்தா சரி” என்பாள்.

கடிதத்தின் உள்ளே இருப்பது ஒன்று, வெளியே எழுதியிருப்பது இன்னொன்று என்பதை நான் அந்த இன்லேண்டில்தான் கற்றேன். வாட்ஸ்அப் 2016 முதல் நாம் ஒருவருக்கொருவர் அனுப்புகிற செய்திகளை இரு முனைக்கும் நடுவே பூட்டித்தான் அனுப்புகிறது, நல்ல விஷயம், நானும் அதை உபயோகிக்கிறேன். ஆனால் அது பூட்டுவது உள்ளே இருக்கிற கடிதத்தைத்தான். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்ற உறையின் மேல்பக்கம் அந்தப் பூட்டுக்குள் வராது. ஒரு பெண் ராத்திரி பதினோரு மணிக்குப் புற்றுநோய் டாக்டரின் எண்ணுக்கு மூன்று தடவை பேசினாள் என்றால், உள்ளே என்ன பேசினாள் என்று யாருக்குத் தெரிய வேண்டும்? 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சி ஆப் விஷயம் செய்தியில் வந்தபோது அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உலகம் முழுக்க மக்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று அந்த நிறுவனம் பெருமையாக ஒரு வரைபடம் போட்டது. இருட்டான பாலைவனத்துக்கு நடுவில் சதுரம் சதுரமாக வெளிச்சம். ராணுவ முகாமுக்குள் காலையில் ஓடுகிற சிப்பாய்களின் கைக்கடிகாரங்கள் வரைந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு மாணவர் அதைப் பார்த்துச் சொன்னார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்களுக்கு 56 ஏபிஓ இருந்திச்சி, இவங்களுக்கு யாரு கீறாங்க?” என்றார்.

‘என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?’ என்று கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் பகலெல்லாம் கதவு திறந்துதான் கிடக்கும், யாரும் உள்ளே வரலாம், சாப்பிடலாம். ஆனால் குளிக்கிற இடத்துக்குத் தட்டி உண்டு. தட்டிக்குப் பின்னால் யாரும் குற்றம் செய்வதில்லை. படிக்கத் தெரியாத என் ஆயாவுக்குத் தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துச் சொல்வார். தெருவில் யார் வீட்டுக்கு எவ்வளவு மணியார்டர், எந்த மருமகள் அம்மாவுக்கு என்ன எழுதினாள் என்று முழுசும் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குப் போனது கிடையாது. அவர் கையில் கடிதத்தைக் கொடுத்தவர்கள் மறைக்க ஒன்றும் இல்லாததால் கொடுக்கவில்லை. அவர் வாயை நம்பிக் கொடுத்தார்கள்.

இப்போது நம் கடிதத்தைப் படிப்பவரை நமக்குத் தெரியாது. மருந்துக் கடையில் போன் நம்பர், துணிக்கடையில் போன் நம்பர். போன வருஷம் அம்மாவுக்குச் சுகர் டெஸ்ட் எடுத்தோம், எந்த லேப் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் சர்க்கரைக்கு மூலிகைப் பொடி விற்கிற ஒருவன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினான். அம்மா பயந்துவிட்டாள். “எனுக்கு சுகர்னு அவனுக்கு யாருடா சொன்னது?” லேபுக்குப் போய்க் கேட்டேன், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அம்மா அந்த நம்பரை எங்கேயெல்லாம் கொடுத்திருக்கிறாள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இருபத்துமூன்று இடம் வந்தது.

பெண்களுக்கு இது எப்போதோ தெரியும். எங்கள் தெருவில் ஒரு பெண் போனுக்கு ரீசார்ஜ் செய்யக் கடைக்குப் போகவே மாட்டாள், தம்பியைத்தான் அனுப்புவாள். கடை நோட்டில் நம்பர் எழுதினால் ராத்திரி மிஸ்டு கால் வரும்.

2011-ல் பிரௌசிங் சென்டர்களுக்கு மத்திய அரசு விதி போட்டது. தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் ஸ்கிரீன் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டை, பெயர், முகவரி எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். எந்தத் தளம் பார்த்தார் என்ற பதிவும் ஒரு வருஷம். நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, பழைய முதலாளியைப் பார்க்கப் போயிருந்தேன். நீட்டு ரிஜிஸ்டர் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. கையெழுத்துப் போடக் குனிகிறவர் தனக்கு முன்னால் வந்த முப்பது பேரின் பெயரையும் போன் நம்பரையும் படித்துவிட்டுத்தான் நிமிர்வார். குற்றவாளியைப் பிடிக்கப் போட்ட விதி அது, அந்தத் தேவையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதி எழுதியவர் அந்த மேஜைக்கு முன்னால் ஒரு தடவை நின்று பார்த்திருக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன், மேல் பக்கத்தை மறைக்க ஒரு கிழிந்த காலண்டர் அட்டையை வைத்தார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அன்றைக்கு நான் பர்த்வான்காரரைத்தான் நினைத்தேன். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: எந்த வேலைக்காக ஒருவரின் தகவலை வாங்கினார்களோ, அந்த வேலை முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் ஒழிய, அதை அழிக்க வேண்டும். அழிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையும் அதில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் குப்பைக்கூடைப் படத்தைக் காட்டி ‘இதுல இருக்குமே?’ என்று கேட்க நமக்கு அந்த மெஷின் பக்கத்தில் இல்லை. எங்கோ ஒரு சர்வர், அதன் நகல், நகலுக்கு நகல். அழித்துவிட்டோம் என்று மெயில் வரும், நம்ப வேண்டியதுதான். அதனால்தான் மூல நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிற சாப்ட்வேரை நான் இன்னும் பிடிவாதமாகக் கேட்கிறேன். என்னால் முழுசும் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் படித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

இப்போது எனக்குச் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன சர்வீஸ் கடை. பக்கத்தில் ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிரௌசிங் சென்டர் போனாலும் அதன் வேலை முழுக்க இந்தக் கடைகளுக்கு வந்துவிட்டது. ஆதார், பான், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாவற்றையும் ஜனங்கள் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘ரெண்டு காப்பி குடுக்கா’ என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அக்காவின் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் பைல்கள். சத்துவாச்சாரியில் பாதிப் பேரின் ஆதார் அதில் இருந்தது. என்னுடையதும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் காட்பாடி ஸ்டேஷன் பக்கம் மசால்வடை வாங்கியபோது, எண்ணெய் ஊறிய காகிதத்தில் யாரோ ஒருவரின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோவோடு, கணக்கு எண்ணோடு என் கைக்கு வந்திருந்தது. சரியாக வராத ஜெராக்ஸ் தாளெல்லாம் எடைக்குப் போய், அங்கிருந்து வடைக் கடைக்கு வருகிறது.

அக்காவிடம் ரெண்டையும் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம் வந்தது. “நான் யாருதையாவது எடுத்து வெளிய குடுத்தனா?” கொடுக்கவில்லை. அக்கா தபால்காரர் மாதிரிதான். “நீங்க குடுக்க மாட்டீங்கக்கா. மெஷின் ரிப்பேருக்குப் போனா? வேலைக்கு வர்ற பையன் பென்டிரைவ்ல போட்டுக்கினு போனா?” என்றேன். அவருக்கு வேறு பிரச்சினையும் இருந்தது. நேற்று அனுப்பியதை இன்றைக்கும் பிரின்ட் எடுக்கக் கேட்கிறவர்கள் உண்டு. அழித்துவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “சரி, போட்டுக் குடுபா” என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு டவுன்லோட்ஸ் போல்டரை மேலெழுதித் துடைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கடை வாட்ஸ்அப்பில் புதிதாக வருகிற செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்தோம். கெட்ட தாள்களைப் போட ஒரு பெட்டி. அது நிரம்பினால் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுகிறார். ஆதார் காப்பி கேட்கிறவர்களிடம், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதுமா என்று முதலில் கேட்கிறார். எடுக்கத் தெரியாதவர்களுக்கு அவரே ஆதார் தளத்தில் போய் எடுத்துக் கொடுக்கிறார், ஓடிபி வந்தால் போனை அவர்கள் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

போன வாரம் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். சேண்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நேற்று அனுப்பிய ஆஸ்பத்திரி சீட்டை இன்னொரு காப்பி போடச் சொன்னார். அக்கா மவுஸைக்கூடத் தொடவில்லை.

“இல்லம்மா, அழிஞ்சிடுச்சி. மறுபடியும் அனுப்புங்க.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் அக்கா முகத்தையே பார்த்தார். “நெஜமாவே அழிஞ்சிடுச்சா?” என்றார்.

அக்கா ஸ்கிரீனை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.